மூன்றாம் ஜன்னலுக்கு வெளியே நின்ற வெளிநாட்டு மாணவி

அவளை எல்லோரும் மூணாம் ஜன்னல் என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளம் போடுகிறவரைத் தவிர வேறு யாருக்கும் அது தேவைப்படவில்லை. பல்கலைக்கழகத்தில் அயல்நாட்டு மாணவர் அலுவலகம் என்று ஒன்று உண்டு. அங்கே மூன்று ஜன்னல்கள். முதலாவதில் டோக்கன் தருவார்கள். இரண்டாவதில் சான்றிதழ்களைச் சரிபார்ப்பார்கள். மூன்றாவதில் இவள். வேறு நாடுகளிலிருந்து அரை வருடம் படிக்க வருகிற பிள்ளைகள் இங்கே எந்தெந்தப் பாடங்களை எடுக்கலாம், அவற்றில் எது அவர்கள் ஊர்ப் பட்டத்துக்குச் செல்லுபடியாகும் என்று பார்த்து முத்திரை குத்துவது அவள் வேலை. அவள் குத்துகிற குத்தில் கூரைமேல் இருக்கும் புறாக்கள் எழுந்து ஒரு சுற்றுப் பறந்துவிட்டுத் திரும்பி வந்து உட்காரும். மிகையாகச் சொல்வதாக நினைப்பவர்கள் அந்தப் புறாக்களையே கேட்டுக்கொள்ளலாம்.

அரை வருடத்துக்கு வருகிறவர்களுக்கு எல்லாப் பாடமும் கிடைத்துவிடாது. வருடம் முழுக்க நடக்கும் பாடத்தில் பாதியில் ஏற முடியாது. ஆய்வுக்கூடப் பாடங்களில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கே மேசை போதாது. சில பாடங்கள் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் நடக்கும். சில, ஆசிரியருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டால் நடக்காது. வருகிற பிள்ளைகளோ விமானத்திலேயே கணக்குப் போட்டுக்கொண்டு வருவார்கள். வானியல் ஒன்று, நீச்சல் ஒன்று, தத்துவம் ஒன்று, எதற்கும் இருக்கட்டும் என்று பூச்சியியல் ஒன்று. பசியோடு கடைக்குப் போனவன் கூடை மாதிரி இருக்கும் அது. இவள் முழுவதையும் பொறுமையாகக் கேட்பாள். பிறகு மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு மூன்று கேள்வி கேட்பாள்: இந்தப் பாடம் உனக்கு எதுக்கு? உங்க ஊர்ல இதை ஒத்துக்குவாங்கன்னு யார் சொன்னது? பரீட்சை எப்படின்னு விசாரிச்சியா?

இரண்டாவது கேள்விதான் பலரைக் கவிழ்த்தது. தோழி சொன்னாள், அண்ணன் சொன்னான், எங்கோ பார்த்த ஞாபகம் என்று இழுப்பார்கள். "யாரும் சொல்லாததை நீயா முடிவு பண்ணிக்காத" என்று காகிதத்தைத் திருப்பித் தள்ளிவிடுவாள். விடுதியில் பிள்ளைகள் அவளைப்போல நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். நடிப்பில் மூக்குக்கண்ணாடி இறங்குகிற இடம் சரியாக வருகிறதா என்றுகூட ஒருமுறை விசாரித்தாள்.

அவள் எந்த வெளிநாட்டுக்கும் போனதில்லை. ஆனாலும் எந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் எந்தப் பாடத்துக்கு ஆய்வுக்கூடம் உண்டு, எங்கே வாய்மொழித் தேர்வு வைத்து உயிரை எடுப்பார்கள் என்பதெல்லாம் பக்கத்துத் தெருக் கடைகளைப்போல அவளுக்கு அத்துப்படி. அவள் கணவர் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். அவர் சொல்வார்: "நீ உலகத்தைப் படுக்கைவாட்டுல சுத்தற. நான் மேலயும் கீழயும் சுத்தறேன். கடைசில ரெண்டு பேரும் இந்த ரெண்டு ரூம் வீட்டுக்குத்தான் வந்து சேர்றோம்."

அவளிடமே அரைகுறையாக நின்ற பட்டம் ஒன்று இருந்தது. கல்யாணமான புதிதில் கடல்தாண்டி இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில் அஞ்சல்வழியாக வரலாறு படிக்கச் சேர்ந்தாள். இட்டிலிக்கு மாவு கரைக்கிற நேரம், குழம்பு கொதிக்கிற நேரம் என்று எதையும் விடவில்லை. அடுப்படியில் நின்றபடியே படித்துத் தேறினாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஒரே ஒரு பாடம் நின்றது. அந்த ஒன்றையாவது வகுப்பறையில் உட்கார்ந்து படித்தாக வேண்டும் என்பது நிபந்தனை. அரை வருடம் கடல்தாண்டிப் போய் உட்காருவதற்காகப் பெரிய பெட்டி ஒன்றுகூட வாங்கினார்கள். அப்போது பார்த்து மாமியாருக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை, கணவருக்கு வேலை மாற்றம், இவளுக்கு விடுப்பு இல்லை. பெட்டிக்குள் கம்பளிப் போர்வைகள் குடியேறின. ஆனாலும் வருடாவருடம் தன் பதிவை மட்டும் புதுப்பித்துக்கொண்டே வந்தாள். ஏன் என்று கேட்டால், பழக்கம் என்பாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில் மஞ்சள் மழைக்கோட்டு வந்து சேர்ந்தாள்.

அந்தப் பெண் முதல் நாள் மழையில் மஞ்சள் கோட்டோடு வந்தாள், பிறகு வெயிலிலும் அதையே போட்டுக்கொண்டு திரிந்தாள், பெயர் நிலைத்துவிட்டது. அவள் எந்த மொழி பேசினாள் என்று கேட்காதீர்கள், நான் நம் பேச்சில்தான் எழுதப்போகிறேன். அவள் பட்டத்துக்கு ஒரே ஒரு பாடம் பாக்கி: தாவரங்களின் பயண வரலாறு. எந்தச் செடி எந்தக் கரையிலிருந்து எந்தக் கரைக்கு யார் மடியில் ஏறிப் போனது என்கிற பாடம். அவள் ஊரில் அதை நிறுத்திவிட்டார்கள். இங்கே உண்டு. இதை முடித்தால் அவள் ஊரில் ஒரு விதைக் காப்பகத்தில் வேலை காத்திருந்தது. முடிக்காவிட்டால் அந்த வேலை வேறு ஒருவருக்குப் போய்விடும். அவள் ஊர்த் துறைத்தலைவர் லேசில் அனுமதி தரவில்லை. இவ்வளவு தூரம் போய் அந்தப் பாடம் நடக்காவிட்டால் என்ன செய்வாய் என்று மடக்கியிருக்கிறார். அவள் மூணாம் ஜன்னலுக்கு எழுதிக் கேட்டாள். மூணாம் ஜன்னலும் பதில் எழுதினாள்: கட்டாயம் நடக்கும்.

பணியில் சேர்ந்த நாள் முதல் அவள் யாருக்கும் எழுதாத வார்த்தை அது. நடக்கக்கூடும், நடந்துவந்திருக்கிறது, துறையிடம் உறுதி செய்துகொள்ளவும் என்றுதான் எழுதுவாள். அன்றைக்கு ஏனோ கை முந்திக்கொண்டது.

அந்தப் பாடத்தை நடத்தியவர் தொப்பி வாத்தியார். கூரைக்கடியிலும் தொப்பியைக் கழற்றாத இளைஞர். தூங்கும்போதும் போட்டிருப்பார் என்று அவர் மனைவியே சொன்னதாகச் சொன்னவர்கள் உண்டு. திங்கட்கிழமை விடிந்ததும் விடியாததுமாக வகுப்பு வைப்பார். மதிப்பெண்ணை மருந்துபோல அளந்து போடுவார். அதனால் உள்ளூர்ப் பிள்ளைகள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. வெளிநாட்டுப் பிள்ளைகளை நம்பியே அந்தப் பாடம் ஓடியது. ஆறு பேர் இருந்தால் நடக்கும், குறைந்தால் கதவைச் சாத்திவிடுவார்கள். அந்த வருடம் சரியாக ஆறு பேர் சேர்ந்தார்கள். முதல் வார வகுப்பு முடிந்ததும் அதில் ஒரு பையன், நீச்சல் பாடத்தில் இடம் கிடைத்துவிட்டது என்று தாவிவிட்டான்.

உள்ளூர் மாணவர்களின் பதிவு ஏற்கெனவே முடிந்துபோயிருந்தது. வெளிநாட்டு மாணவர்களுக்கு மட்டும் வெள்ளிக்கிழமை மாலைவரை அவகாசம். ஆறாவது ஆள் வருவதென்றால் அவர்களில் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். மூணாம் ஜன்னல் விடுதிக்குப் போனாள், சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனாள், நீச்சல்குளத்துக்கே போய்க் கரையில் நின்று அந்தப் பையனைக் கூப்பிட்டுப் பார்த்தாள். அவன் தண்ணீருக்கடியில் போனவன் இவள் கிளம்பும்வரை மேலே வரவில்லை என்று கேள்வி. அவ்வளவு மூச்சுப்பிடித்தவனுக்கு நீச்சல் பாடம் தேவையே இல்லை.

அலுவலகத்தில் இரண்டாம் ஜன்னல்காரர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார். மீசையைக்கூட விதிப்படி சீவுகிற மனிதர். இவளுக்கும் அவருக்கும் பல வருடமாகப் பனிப்போர். இவள் பாடத்தைப் பார்ப்பாள், அவர் காகிதத்தைப் பார்ப்பார். இவளுக்கு அவர் முட்டுக்கட்டை, அவருக்கு இவள் அவசரக்குடுக்கை.

"கட்டாயம்னு எழுதினது யாரு?" என்றார் அவர், முகத்தை ஏறிட்டுப் பார்க்காமலே.

"நான்தான்."

"அதான் கேட்டேன்."

"நானே போய் வகுப்புல உக்காந்துடறேன். ஆறு ஆயிடுமில்ல?"

"ஊழியர் உக்காரலாம், வேடிக்கை பார்க்கலாம், குறிப்பு எடுக்கலாம். கணக்குல வராது. இந்த விதியை எழுதினதும் நீங்கதான்."

உண்மைதான். சும்மா வந்து உட்கார்ந்து பாடத்தின் ஆள்கணக்கை ஏற்றுகிறார்கள் என்று அவளே முன்பொரு நாள் கோபப்பட்டுக் கொண்டுவந்த விதி.

வியாழக்கிழமை மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் மஞ்சள் மழைக்கோட்டு தனியாக உட்கார்ந்து ரொட்டியைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். மூணாம் ஜன்னல் எதிரே போய் உட்கார்ந்தாள். அந்தப் பெண் அழவில்லை. அழுதிருந்தால் இவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"உங்கமேல கோவம் இல்லக்கா" என்றாள். "ஆனா நீங்க எழுதினதைக் காட்டித்தான் எங்க தலைவர்கிட்ட மல்லுக்கட்டினேன். திரும்பிப் போனதும் அவர் மூஞ்சியைத்தான் முதல்ல பார்க்கணும். அதை நினைச்சாத்தான்."

என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியாமல் மூணாம் ஜன்னல் தன் கதையைச் சொன்னாள். எனக்கும் ஒரே ஒரு பாடத்தில்தான் நின்றுபோனது, இடிந்தா விழுந்துவிட்டேன், ஏதோ ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்கிற மாதிரி. அந்தப் பெண் ரொட்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"என்ன பாடம் பாக்கி?"

"வரலாற்றுல ஏதாவது ஒண்ணு. வகுப்புல உக்காந்து படிக்கணும். அதுக்கு அங்க போகணும்."

"அங்கதான் போகணும்னு யார் சொன்னது?"

எங்கோ படித்த ஞாபகம் என்று மூணாம் ஜன்னல் இழுத்தாள். அந்தப் பெண் இல்லாத மூக்குக்கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டு, "யாரும் சொல்லாததை நீயா முடிவு பண்ணிக்காத" என்றாள். விடுதி நடிப்பு நன்றாகவே இருந்தது.

யாருமே சொல்லவில்லைதான். ஊரார் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் விதிகளை வரிவரியாகப் பிரித்துக் காட்டியவள், தன்னுடையதை இளம் வயதில் ஒருமுறை வாசித்துவிட்டு அப்படியே மூடிவைத்திருந்தாள். எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. நேரே அலுவலகத்துக்கு வந்து அந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசியில் பேசினாள். அங்கே இவள் வேலையையே பார்க்கிற அம்மாள் ஒருத்தி உண்டு. அடுத்தவர் பிள்ளைகளுக்காக இருவரும் பல வருடம் எழுதிச் சண்டை போட்டு, சண்டையிலேயே சிநேகிதம் ஆனவர்கள். நம்மவள் தன் கதையைச் சொல்லி முடித்தாள்.

"எங்களோட உடன்பாடு இருக்கிற எந்தப் பல்கலைக்கழகத்துலயும் உக்காரலாமே" என்றாள் அந்த அம்மாள். "உங்களோடதும் அதுல இருக்கு. சேர்த்துக்கிட்டாத்தான் ஆச்சுன்னு ஒரு வருஷம் என் உயிரை வாங்கினதே நீங்கதானே."

ஆக, வாசலிலேயே இருந்த வண்டிக்காக அவள் இத்தனை காலம் நிலையத்தில் நின்றிருக்கிறாள். வெட்கப்பட நேரம் இல்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் மாணவி ஒருத்தி, இங்கே அரை வருடம் படிக்க வருகிறாள், தாவரங்களின் பயண வரலாறு எடுக்கிறாள். அவள் ஊழியர் இல்லை, கணக்கில் வருகிறவள். அந்தப் பக்கத்து அனுமதி அன்று சாயங்காலத்துக்குள்ளேயே வந்துவிட்டது. அலுவலக இயக்குநர் அம்மா எல்லாவற்றையும் கேட்டுச் சிரித்துவிட்டு இரண்டே விஷயம் சொன்னார். வகுப்பு நேரத்தைச் சனிக்கிழமை வேலை பார்த்து ஈடுகட்ட வேண்டும். தன் பாடத்துக்குத் தானே முத்திரை குத்தக் கூடாது. இந்த ஒரு மாணவிக்கு மட்டும் மூன்றாம் ஜன்னலில் இரண்டாம் ஜன்னல்காரர் உட்காருவார்.

வீட்டில் சொன்னபோது கணவர் கையிலிருந்த ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்தார். "அப்ப அந்தப் பெட்டி?"

"அது போர்வைக்கு இருக்கட்டும். பஸ்ல போற தூரத்துக்கு எதுக்குப் பெட்டி?"

மாமியார் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "வெளிநாட்டுல படிக்கப் போறவ சாயங்காலம் வரும்போது பால் பாக்கெட் வாங்கிட்டு வருவியா?" என்று கேட்டாள். வாங்கி வருகிறேன் அத்தை என்றாள் இவள்.

வெள்ளிக்கிழமை அவள் ஜன்னல் கம்பிக்கு வெளிப்பக்கம் நின்றாள். முதல் ஜன்னலில் டோக்கன் எடுத்தாள். இரண்டாம் ஜன்னலில் அந்த மனிதர் அவளைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். தங்குமிடச் சான்று கேட்டார். சொந்த வீடு என்றாள். "வீட்டுக்காரர் எழுதித் தரணும்" என்றார். கணவருக்குத் தொலைபேசி போனது. அவர் எந்தக் கட்டடத்தின் எந்த மாடியில் தொங்கிக்கொண்டிருந்தாரோ, இறங்கி ஓடிவந்து, இவர் என் வீட்டில் தங்க எனக்கு ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டார். அடுத்து உள்ளூர் மொழி தெரியும் என்பதற்குச் சான்று.

"இவ்வளவு நேரம் உங்ககூட எதுல பேசிட்டிருக்கேன்?"

"நான் கேட்டது சான்று."

பக்கத்து மொழித்துறைக்கு ஓடி ஒரு வாத்தியாரைப் பிடித்து எழுதி வாங்கிவந்தாள். வரிசையில் நின்ற மஞ்சள் மழைக்கோட்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் ஜன்னல்காரர் ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கடைசியில் எழுந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் ஜன்னலுக்கு மாறினார். அவளுடைய நாற்காலி அவருக்கு உயரம் பற்றாதாம். உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கீழே இறக்கினார்.

"இந்தப் பாடம் உங்களுக்கு எதுக்கு?"

"அந்தப் பொண்ணுக்கு ஒரு ஆள் குறையுது. நான் கட்டாயம்னு எழுதிட்டேன்."

"அது அந்தப் பொண்ணோட காரணம். அதைப் பதிவுல எழுத முடியாது. உங்க காரணம்?"

அவர் கிண்டல் செய்கிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். முகத்தில் கிண்டல் இல்லை. தினமும் பிள்ளைகள் அந்த இடத்தில் நின்று விழிப்பது ஏன் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

"வருஷாவருஷம் பதிவைப் புதுப்பிச்சேன்" என்றாள். "பழக்கம்னு சொல்லிக்கிட்டேன். பழக்கம் இல்ல. முடிக்கணும்னு இருந்துச்சு. எல்லாப் பிள்ளைங்களையும் உள்ள அனுப்பிட்டு ஜன்னலுக்குப் பின்னாடியே உக்காந்திருந்தேன். ஒரு வகுப்புல நானும் போய் உக்காரணும்."

அவர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். மற்ற இரண்டு கேள்விகளைக் கேட்கவில்லை. முத்திரையை எடுத்தார். அவர் குத்தியதில் சத்தமே வரவில்லை. காகிதத்துக்கு வலிக்குமோ என்பதுபோல வைத்து எடுத்தார். புறாக்கள் ஏமாந்திருக்கும். மஞ்சள் மழைக்கோட்டு பின்னாலிருந்து அவளைக் கட்டிக்கொண்டதில் மொழிச் சான்று கசங்கிப்போயிற்று.

வெளிநாட்டு மாணவி என்றான பிறகு சலுகை கிடையாது. கடைசியாக வந்து சேர்ந்தவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டும் பேருந்தில் அவளையும் ஏற்றினார்கள். பிறந்து வளர்ந்த தெருவைக் காட்டி, இங்கே வழி தப்பினால் பயப்படாமல் யாரையாவது கேளுங்கள் என்றான் கூட வந்த துணை மாணவன். அலுவலகத்துக்குக் கூட்டிவந்து, "இது மூணாம் ஜன்னல். இங்க இருக்கிறவங்க கொஞ்சம் கறார்" என்றான். அப்படியா, ரொம்பக் கறாரா என்று இவள் விசாரித்தாள். கடிக்க மாட்டார்கள் என்று அவன் தைரியம் சொன்னான். புது ஆள், பாவம்.

தொப்பி வாத்தியார் ஆறு பேரையும் எண்ணிப் பார்த்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார். இவளுடைய முதல் கட்டுரைக்கு அவர் போட்ட மதிப்பெண்ணை வீட்டில் சொல்லவில்லை. முகவுரை அழகாக இருக்கிறது, மீதியும் முகவுரையாகவே இருக்கிறது என்று ஓரத்தில் எழுதியிருந்தார். அப்புறம் மஞ்சள் மழைக்கோட்டோடு சேர்ந்து உட்கார்ந்து படித்தாள். வீட்டுச் சமையலறையில் இருக்கும் காய்களில் எவை எங்கிருந்து வந்தன என்று விசாரித்து எழுதச் சொன்னபோது, அந்தப் பெண்ணையே வீட்டுக்குக் கூட்டிவந்தாள். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றுமே கடல்தாண்டி வந்தவை என்று கேட்டதும் மாமியார் தொலைக்காட்சியை அணைத்துவிட்டாள். "நான் பொறக்கறதுக்கு முன்னாடியே வந்துட்டுதில்ல? அப்ப அது நம்ம வீட்டு ஆளு" என்றாள். அந்தப் பதிலைக் கட்டுரையில் அப்படியே சேர்த்தார்கள். தொப்பி வாத்தியார் அன்றைக்குத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்ததாகவும், உள்ளே நல்ல அடர்த்தியாக முடி இருந்ததாகவும் ஐந்து பேர் சாட்சி சொன்னார்கள். ஆறாவது ஆள் நம்மவள். அவள் எழுதிக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை.

இருவரும் தேறினார்கள். அந்தப் பெண் நன்றாக, இவள் நூலிழையில்.

ஊருக்குக் கிளம்புகிற அன்று மஞ்சள் மழைக்கோட்டு சான்றிதழ் வாங்க வந்தாள். மூணாம் ஜன்னல் ஒருமுறை சரிபார்த்துவிட்டுக் குத்தினாள், புறாக்கள் பறந்தன. துறைத்தலைவர் மூஞ்சியை இனி தைரியமாகப் பார்க்கலாம் என்றாள் அந்தப் பெண். அடுத்த வாரமே விதைக் காப்பகத்தில் சேர வேண்டுமாம்.

"உங்களோடது எங்கக்கா?"

"அதை நான் குத்தக் கூடாதே. அவர் சாப்பிடப் போயிருக்காரு."

கம்பிக்கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து டோக்கன் எடுத்தாள். இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். விமானத்துக்கு நேரமாகவில்லையா என்று கேட்டதற்கு, இதைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்றாள் அந்தப் பெண். இரண்டாம் ஜன்னல்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். நாற்காலியைத் தூக்கிப் பக்கத்து ஜன்னலுக்கு மாற்றிப் போட்டார். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டினார். அந்தப் பெஞ்சில் அவர்கள் இருவரைத் தவிர வேறு யாரும் இல்லை. இருந்தாலும் எட்டிப் பார்த்துச் சத்தமாகவே கூப்பிட்டார்:

"வெளிநாட்டு மாணவி யாராவது இருக்கீங்களா?"

மஞ்சள் மழைக்கோட்டு இடித்து உசுப்புவதற்குள் மூணாம் ஜன்னல் எழுந்து, புடவையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, டோக்கனை நீட்டினாள்.